ஜீனோம் படிக்க எந்தக் குறுகிய காலப் பயிற்சி? கடலூர், புதுவைப் பக்கம் யோசிப்பவர்களுக்கு

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலில் வந்தது மஞ்சக்குப்பத்துத் தங்கை. மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி. முடித்துவிட்டு, காசநோய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் புதுச்சேரிக்கு ஒன்றாகத்தான் வருவோம். தவளக்குப்பம் நெரிசலில் வண்டி நின்றபோது போனை நீட்டினாள். “அக்கா, ஜீனோம் சீக்வென்சிங் அனாலிசிஸ், அஞ்சு நாள் ஆன்லைன் கோர்ஸ்னு போட்டிருக்காங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டினா தள்ளுபடியாம். கட்டட்டுமா?”

இரண்டாவது ஆள், சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கும் ஒரு டாக்டர். குடும்பம் குடும்பமாகச் சர்க்கரை நோய் இறங்குவதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வந்து, “மேடம், ரோட்டர்டாம்ல ஜெனடிக் எபிடெமியாலஜி கோர்ஸ் ஒண்ணு இருக்கு. துறையில பாதிப் பணம் தர்றாங்களாம். மீதியை நான் போட்டுப் போகலாமா?” என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: பயிற்சி முடிந்து வரும் திங்கட்கிழமை காலை, உங்கள் கணினியில் எந்தக் கோப்பைத் திறக்கப் போகிறீர்கள்? அதே வகைக் கோப்பைப் பயிற்சியில் உங்கள் கையால் திறந்திருப்பீர்களா? இந்தக் கேள்வியை வைத்து வடிகட்டினால் விளம்பரங்களில் பாதிக்கு மேல் கழன்று விழுந்துவிடும். மீதி இருப்பவற்றைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

பெயர் ஒன்று, வேலை மூன்று

ஜீனோம் என்பது ஓர் உயிரின் முழு மரபணு எழுத்துத் தொகுப்பு. அந்த எழுத்துகளை வரிசையாகப் படிப்பதுதான் சீக்வென்சிங். விளம்பரத்தில் ‘ஜீனோமிக்ஸ்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது மரபணு நோய்ப்பரவியல். எந்த மரபணு வேறுபாடு எந்த நோயோடு சேர்ந்து வருகிறது, அந்தச் சேர்க்கை உண்மையா தற்செயலா என்று பார்ப்பது. இது அடிப்படையில் புள்ளியியல். உங்கள் முன்னால் இருப்பது ஒரு பெரிய அட்டவணை. வரிசைக்கு ஒரு மனிதர், பத்திக்கு ஒரு மரபணு இடம். பத்திகள் லட்சக்கணக்கில் இருக்கும். பிளிங்க் என்ற மென்பொருளும் ஆர் என்ற நிரல்மொழியும்தான் இங்கே அன்றாடக் கருவிகள்.

இரண்டாவது மனித ஜீனோம் வரிசையை அலசுவது. மனித ஜீனோமில் ஏறக்குறைய 310 கோடி எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக முப்பது தடவை படித்தால்தான் நம்பகமான முடிவு வரும் என்பதால், ஒரே ஒருவருடைய மூலக்கோப்பு சுருக்கிய நிலையிலேயே பல பத்து ஜி.பி. இருக்கும். அரிய பரம்பரை நோய், புற்றுநோய் என்று வேலை பார்ப்பவர்களுக்கு இது வேண்டும். வீட்டு லேப்டாப்பில் இதைச் செய்ய நினைப்பது வீண், சர்வர் வேண்டும்.

மூன்றாவது கிருமிகளின் ஜீனோம். காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44 லட்சம் எழுத்துகள்தான். மனிதனோடு ஒப்பிட்டால் எழுநூறில் ஒரு பங்கு. கொரோனா வைரஸுக்கு 30,000 எழுத்துகள் கூட இல்லை. எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப்பிலேயே காசநோய் மாதிரியை முழுதாக அலசி முடித்துவிடலாம்.

தங்கை காட்டிய ஐந்து நாள் பாடத்திட்டத்தை அன்றைக்கு மதியம் உட்கார்ந்து படித்தோம். நான்கு நாட்கள் மனித எக்ஸோம், அதாவது ஜீனோமில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் மட்டும். கடைசி நாளில் ஒரு மணி நேரம் ‘நுண்ணுயிர் ஜீனோம் அறிமுகம்’. அவள் கையில் இருப்பதோ கிருமியின் வரிசை. பணம் கட்டியிருந்தால், தனக்கு வேண்டாத ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

பணம் கட்டிப் படிக்கும் மூன்று நாள், ஐந்து நாள் வகுப்புகள்

இந்த வகையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் பணத்தை விடுவது இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன்பு நானும் இப்படி ஒரு மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். அப்போதைய சம்பளத்தில் அந்தக் கட்டணம் எனக்குப் பெரிய தொகை. அறுபது பேருக்கு மேல் இருந்தோம். சொல்லிக்கொடுத்தவர் தன் திரையில் கட்டளைகளை அடித்துக்கொண்டே போவார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். யாருக்காவது பிழைச் செய்தி வந்தால், “பதிவை அனுப்புகிறோம், அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். மூன்றாம் நாள் வகுப்பு முடிவதற்கு முன்பே சான்றிதழ் மெயிலில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை என் சொந்தக் கோப்பைத் திறந்தேன். ஃபாஸ்ட்க்யூ கோப்பு, அதாவது சீக்வென்சிங் கருவியிலிருந்து வரும் மூலக்கோப்பு. அதில் கருவி படித்த ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டுக்கும் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரி அதன் பெயர். இரண்டாவது வரி ஏ, சி, ஜி, டி எழுத்துகள். மூன்றாவது ஒரு கூட்டல் குறி. நான்காவது வரியைப் பார்த்தால் குப்பை மாதிரி தெரியும்: கேள்விக்குறி, எண், வேலிக்குறி (#), எழுத்து என்று கலந்து கிடக்கும். “தரம் இருபதுக்குக் கீழே இருந்தால் வெட்டிவிடுங்கள்” என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த இருபது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அது அந்த நான்காவது வரியில்தான் இருக்கிறது. மேலே உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே ஒரு குறி. அந்தக் குறிதான் மதிப்பெண். கேள்விக்குறி இருந்தால் 30. ஆயிரத்தில் ஒரு தடவை அந்த எழுத்து தப்பாக இருக்க வாய்ப்பு. 5 என்ற எண் இருந்தால் மதிப்பு 20. நூறில் ஒரு தடவை. வேலிக்குறி இருந்தால் மதிப்பு வெறும் 2. அந்த எழுத்தை நம்பவே வேண்டாம். துண்டின் கடைசிப் பக்கம் போகப் போக நல்ல குறிகள் குறைந்து மோசமானவை பெருகும். அந்த வாலைத்தான் வெட்டச் சொன்னார்கள். இதை யாராவது அரைமணி நேரம் நிறுத்திச் சொல்லியிருந்தால் போதும். பிற்பாடு ஓர் இலவசப் பாடத்தில்தான் நான் இதைப் புரிந்துகொண்டேன்.

எல்லாத் தனியார் பயிற்சியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் சேர்த்து, உடன் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேளுங்கள். என் சொந்த டேட்டாவைக் கொண்டு வரலாமா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? சொல்லிக்கொடுப்பவர் தானே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறாரா? பயிற்சி முடிந்து ஒரு மாதம் சர்வரைத் தருவார்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் வந்தால் யோசிக்கலாம். ‘இன்று இரவுக்குள் தள்ளுபடி’ என்ற அவசரம் மட்டுமே பதிலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

காசு கேட்காத வழிகள்

கிருமி ஜீனோமுக்கு நான் முதலில் கைகாட்டுவது கேலக்ஸி என்ற இலவச இணைய அலசல் தளம். இணைய உலாவியில் திறந்தால் போதும். லினக்ஸ் தெரிய வேண்டியதில்லை, எதையும் நிறுவ வேண்டியதில்லை. பதிவு செய்தால் 250 ஜி.பி. வரை இடம் தருகிறார்கள். அதோடு இணைந்த பயிற்சித் தளத்தில் காசநோய்க்கென்றே தனிப் பாடங்கள் இருக்கின்றன: மாதிரியிலிருந்து மருந்து எதிர்ப்பு மாற்றங்களைக் கண்டுபிடிப்பது ஒன்று, யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று தொகுப்பது இன்னொன்று. பயிற்சி டேட்டாவும் அங்கேயே கிடைக்கும். ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்’ என்று விளக்கம் இருக்கும். அதனால்தான் இதை நான் கட்டணப் பயிற்சிகளுக்கு மேலே வைக்கிறேன்.

இதில் குறையும் உண்டு. பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு, நூறு மாதிரிகளை ஒரே சமயத்தில் ஓட்ட வேண்டிய நாளில், கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கட்டளை வரி தேவைப்படும். அதனால் கேலக்ஸியோடு கூடவே, விண்டோஸ் லேப்டாப்பிலேயே உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக்கொண்டு அடிப்படை லினக்ஸ் கட்டளைகளைத் தினமும் அரைமணி நேரம் பழகுங்கள். ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் இணையப் பாடங்களும் இலவசம்தான். பொதுவான தரவுத்தளங்களைத் தெரிந்துகொள்ள நல்லவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்செரா இணையப் பாடத்தளத்தில் நடத்தும் ஜீனோமிக் டேட்டா சயன்ஸ் தொடர், பைத்தான், ஆர் ஆகிய நிரல்மொழிகள் ஓரளவு தெரிந்தவர்களுக்குப் பொருந்தும். எதுவும் தெரியாமல் நேரே அதில் இறங்கினால் இரண்டாம் வாரமே மூச்சு வாங்கும்.

ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் புதுத் தலைமுறை சீக்வென்சிங் பாடம் அங்கே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மைக்கேல் குரோமிகா நடத்தும் உயிர்தகவலியல் பாடமும் இருக்கிறது; ஆனால் அதன் எடை புரதங்களின் பக்கம், சீக்வென்சிங்குக்காக மட்டும் அதில் சேர வேண்டாம். வீடியோ இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வார ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் கண்காணிப்போடு தேர்வு நடக்கிறது. ஆனால் இது பெரும்பாலும் கேட்டுப் படிக்கும் பாடம். கைப்பழக்கத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை நீங்கள் எப்படியும் முடித்தாக வேண்டும். அதைக் கடமைக்கு முடிக்காமல் ஊன்றிப் படியுங்கள். மரபணு நோய்ப்பரவியலில் தடுமாறும் டாக்டர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மரபணு புரியாமல் இல்லை. ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது, முடிவைத் திசைதிருப்பும் குழப்பும் காரணிகளை எப்படிக் கையாள்வது என்ற பழைய நோய்ப்பரவியலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

நேரில் போய் உட்காரும் இந்தியப் பயிற்சிகள்

கொல்கத்தா பக்கத்தில் கல்யாணியில் இருக்கும் தேசிய உயிர்மருத்துவ ஜீனோமிக்ஸ் நிறுவனம், ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி., டெல்லியின் ஜீனோமிக்ஸ், ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. ஆகியவை இந்தத் துறையின் பெரிய வீடுகள். 10,000 இந்தியர்களின் ஜீனோமை வரிசைப்படுத்தும் ஜீனோம் இந்தியா திட்டம் 2020-ல் தொடங்கியபோது, நாடு முழுக்க இருபது நிறுவனங்கள் சேர்ந்துதான் அதைச் செய்தன. இப்படிப்பட்ட இடங்களில் அவ்வப்போது ஒரு வாரம், இரண்டு வாரப் பட்டறை அறிவிப்பார்கள். கட்டணம் குறைவு, சிலவற்றில் தங்குமிடமும் கொடுத்துவிடுவார்கள். மத்திய அரசின் கார்யசாலா என்ற திட்டத்தில் நடந்த பட்டறைகள் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கென்றே வந்தவை. கியான் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் இங்கே வந்து பாடம் நடத்துவார். வெளிநாடு போக முடியாதவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

பக்கத்திலேயே பார்த்தால், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் உயிர்தகவலியல் துறை இருக்கிறது. ஜிப்மர் இருக்கிறது. இந்திரா நகரில் 1975 முதல் கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராயும் வி.சி.ஆர்.சி. இருக்கிறது. இந்தப் பக்கம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இவற்றின் அறிவிப்புப் பலகையையும் இணையதளத்தையும் மாதம் ஒரு தடவையாவது பாருங்கள். பட்டறைகள் விளம்பரமில்லாமல் வந்து போய்விடும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் நம் காதுக்கு எட்டும். வழிகாட்டியின் கடிதம், துறைத்தலைவரின் கையெழுத்து இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நேரில் போவதன் பலன் பாடத்திட்டத்தில் தெரியாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு உங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் போகிறவர். நான் போன ஒரு பட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவிடம்தான் இன்றைக்கும் ராத்திரி எட்டு மணிக்கு மெசேஜ் போட்டு, “இந்தப் பிழை ஏன் வருது?” என்று கேட்கிறேன்.

கடல் தாண்டி

மரபணு நோய்ப்பரவியலை ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால், வெளிநாட்டுக் குறுகிய காலப் பயிற்சிகள்தான் இன்றைக்கும் முன்னால் நிற்கின்றன என்பது என் கருத்து. இந்தப் பாடத்துக்கு அங்கே நீண்ட மரபு இருக்கிறது. மரபணுப் புள்ளியியலாளர் புரூஸ் வியர் 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய புள்ளியியல் மரபணுவியல் கோடைப் பயிற்சி, இரண்டரை நாள், மூன்று நாள் பாகங்களாகப் பிரிந்திருக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கொலராடோவின் போல்டரில் நடக்கும் பட்டறை இரட்டையர் ஆய்விலிருந்து வளர்ந்தது. அதன் விரிவுரைகளை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். டாக்டர் கேட்ட ரோட்டர்டாம், எராஸ்மஸ் மருத்துவ மையத்தின் பயிற்சிகளுக்குப் பேர்போனது. இங்கிலாந்தின் பிரிஸ்டல், மெண்டீலியன் ரேண்டமைசேஷன் என்ற முறைக்குத் தாய்வீடு மாதிரி. ஒரு பழக்கம் நோய்க்குக் காரணமா, வெறும் உடன்வருவதா என்று மரபணுவை வைத்துச் சோதிக்கும் முறை அது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹிங்ஸ்டனில் நடக்கும் பயிற்சிகள் கிருமி ஜீனோமிலும் சீக்வென்சிங் அலசலிலும் வலுவானவை. நம் மாதிரி நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அங்கே உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

விமானம், விசா, தங்கும் செலவு என்று கூட்டினால், பயிற்சிக் கட்டணம் அதற்குள் சிறிய பங்காகிவிடும். அதனால் ஆன்லைனில் சேரலாமே என்று தோன்றும். சேரலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இங்கிலாந்தில் கோடையில் காலை ஒன்பதரை என்றால் நமக்கு மதியம் இரண்டு மணி. வேலையில் அரைநாள் விடுப்புப் போட்டால் சமாளிக்கலாம். அமெரிக்க மேற்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. வகுப்பு முடிய விடிகாலை மூன்று ஆகிவிடும். ஒரு தடவை அப்படி நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் புரிந்தது. பிறகு கேட்டதைத் திரும்பப் பதிவில்தான் பார்த்தேன்.

மழைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நேரலை ஆன்லைன் பயிற்சிக்கு நான் பணம் கட்டுவதில்லை. 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று நம் கரையில் ஏறிய புயல்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கரண்டும் இல்லாமல் டவரும் இல்லாமல் இருக்கும் நாட்களில் எந்த வகுப்பைக் கேட்பது?

விதிகள் எங்கிருந்து வந்தன?

ஒப்பிடும்போது பலரும் கவனிக்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஓர் அளவுகோல் இருக்கிறது. பயிற்சியில் கொடுக்கும் விதிகள் எங்கே, யாரை வைத்து உருவானவை என்று ஆசிரியர் சொல்கிறாரா?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடும்ப ஆய்வின் மரபணு டேட்டாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். படித்தபடியே பிளிங்கில் ஒவ்வொருவருக்கும் எஃப் மதிப்பைக் கணக்கிட்டேன். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி வந்த மரபணு இடங்கள் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு அதிகம் என்று சொல்லும் எண் அது. பெரும்பாலோருக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு பேருக்கு மட்டும் 0.11, 0.13 என்று துருத்திக்கொண்டு நின்றது. சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்துக்கு மேல் விலகினால் மாதிரி கெட்டிருக்கலாம், நீக்கிவிடுங்கள் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி. நீக்கினேன்.

மறுநாள் குடும்பப் பதிவேட்டைக் கவனிக்கும் கள ஊழியர் அண்ணன் வந்தார். நீக்கிய எண்களைப் பதிவேட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, “மேடம், இது அக்கா பொண்ணக் கட்டினவர் வீடு. இதுவும் அப்படித்தான். இதெல்லாம் சொந்தத்துக்குள்ள கட்டினதுதானே, ஏன் எடுத்துட்டீங்க?” என்றார்.

தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு அந்த எண் 0.125 வர வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் 0.0625. அந்த ஏழு பேரின் மாதிரியில் ஒரு குறையும் இல்லை. சொந்தத் திருமணம் அரிதாக இருக்கும் ஊரில் எழுதப்பட்ட விதி, நம் ஊர் ரத்தத்தைப் பிழை என்று நினைத்துவிட்டது. அதுவும் ஒடுங்கு பரம்பரை நோய்களை, அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டும் வரும் நோய்களைத் தேடும் ஆய்வில், முதலில் பார்க்க வேண்டியவர்களே இவர்கள்தான். ஏழு பேரையும் திரும்பச் சேர்த்தேன்.

கிருமிப் பக்கமும் இதே கதைதான். இரண்டு காசநோய்க் கிருமிகளுக்கு இடையே ஐந்து எழுத்து வேறுபாட்டுக்குள் இருந்தால் சமீபத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது, பன்னிரண்டைத் தாண்டினால் இல்லை என்று ஓர் அளவு எல்லாப் பயிற்சியிலும் வரும். அது நோய் குறைவாக இருக்கும் இங்கிலாந்தில் நடந்த ஆய்விலிருந்து 2013-ல் வந்தது. நோய் ஊர் முழுக்க இருக்கும் நம் பக்கத்தில் அதே எண்ணை அப்படியே வைத்து, இவரிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று எழுதுவது ஆபத்து. தென்னிந்தியாவில் அதிகம் கிடைக்கும் கிருமி வம்சம் வேறு என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு மரபணு இடத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தற்செயல் இல்லை என்று ஏற்க, மரபணு நோய்ப்பரவியலில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் 5×10⁻⁸ என்ற எல்லையும் வானத்திலிருந்து விழவில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகள் நடக்கின்றன என்று வைத்து, ஒரே சோதனைக்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற எல்லையை அந்தப் பத்து லட்சத்தால் வகுத்தால் வருவது அது. இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் படியுங்கள். எண்ணை மட்டும் கொடுப்பவரிடம் படித்தால் எண் மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே ஒரு பயிற்சியின் பாடத்திட்டம் கிடைத்ததும் நான் தேடுவது, தெற்காசிய மாதிரிகளை வைத்து ஏதாவது பாடம் இருக்கிறதா என்பதை. இல்லாவிட்டால் நாமே கொண்டு போகலாம். பல நாட்டு மக்களின் ஜீனோமைப் படித்த 1000 ஜீனோம் திட்டத்தின் டேட்டா யாரும் இறக்கிக்கொள்ளக் கூடியது. அதில் உள்ள 26 மக்கள் குழுக்களில், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் ஒரு குழு. பயிற்சியில் ஐரோப்பிய மாதிரியை வைத்து ஒரு படம் வரையச் சொன்னால், அதே படத்தை அந்தத் தமிழ் மாதிரியை வைத்தும் வரைந்து பாருங்கள்.

நோயாளிகளின் சொந்த டேட்டாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கேலக்ஸி மாதிரி பொதுச் சர்வர்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. நோயாளியின் மனித ஜீனோம் கோப்பை, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் அங்கே ஏற்றக் கூடாது. பயிற்சிக்கு உங்கள் டேட்டாவைக் கொண்டு போவதற்கும் இதே கட்டுப்பாடுதான். கிருமியின் கோப்பிலும் மனித டி.என்.ஏ. கொஞ்சம் கலந்திருக்கும், அதை முதலில் வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கும் நான் சொன்னது

தங்கைக்குச் சொன்னது: அந்த ஐந்து நாள் வகுப்புக்குக் கட்ட வேண்டாம். முதல் இரண்டு வாரம் கேலக்ஸியின் காசநோய்ப் பாடங்கள். அடுத்த இரண்டு வாரம் லினக்ஸ் அடிப்படையும், காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பைக் கண்டறியும் டிபி-புரொஃபைலர் என்ற மென்பொருளும். திட்டத்தின் பத்து மாதிரிகளைத் தானே ஓட்டி, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கான எதிர்ப்பு முடிவு ஆய்வகத்தின் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை முடிவோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஏதாவது இந்திய நிறுவனத்தின் நேரடிப் பட்டறைக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது அவள் கையில் கேள்விகள் இருக்கும். பணம் இருந்தால் அதை லேப்டாப்பின் நினைவகத்தைப் பதினாறு ஜி.பி. ஆக்கச் செலவிடலாம்.

டாக்டருக்குச் சொன்னது வேறு. ரோட்டர்டாம் நல்ல இடம், ஆனால் இந்த வருடம் வேண்டாம். ஆர் மொழியில் ஒரு பின்னடைவு (ரெக்ரஷன்) சமன்பாட்டை அவர் இன்னும் சொந்தமாக எழுதியதில்லை. அங்கே முதல் நாள் மதியமே அது தேவைப்படும். ஆறு மாதம் ஆர் பழகி, போல்டர் விரிவுரைகளைப் பார்த்து, 1000 ஜீனோம் டேட்டாவில் ஒரு தடவையாவது சுத்தம் செய்யும் வேலையை முடித்துவிட்டுப் போனால் அந்த ஒரு வாரம் தங்கம். எம்.டி. முடித்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டால், சுகாதார ஆராய்ச்சித் துறை ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். துறை தருவதாகச் சொன்ன பாதிப் பணத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்.

தங்கை நேற்று பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பத்தில் ஒன்பது மாதிரி பொருந்தியிருந்தது. பத்தாவதில் ஜீன்எக்ஸ்பர்ட் எதிர்ப்பு என்கிறது, இவள் அலசலில் இல்லை. “நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்போல அக்கா” என்றாள். எதிர்ப்பைக் காட்டும் அந்த மரபணு இடத்தில் எத்தனை துண்டுகள் படிந்திருக்கின்றன என்று பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. முருங்கப்பாக்கம் வருவதற்குள் பார்த்துவிட்டோம்: நான்கே துண்டுகள். இவ்வளவு குறைவான துண்டுகளை வைத்து எந்த மென்பொருளும் தைரியமாகச் சொல்லாது. அந்த மாதிரியை இன்னொரு தடவை வரிசைப்படுத்தச் சொல்லி இன்றைக்குக் கடிதம் எழுதுகிறாள்.